நல்லதுதானே, இதில் என்ன தப்பு? நல்ல காரியங்களுக்கு அடிமையாவது குறித்து விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடியையும் சூதாட்டத்தையும் பற்றிச் சபையில் பேச ஆள் உண்டு. அதிலிருந்து வெளியே வந்தவர் மேடையேறிச் சாட்சி சொல்வார். ஆனால் வேலை, ஊழியம், உடற்பயிற்சி, பிள்ளைகளின் படிப்பு, பிறருக்கு உதவுவது என்று ஒருவர் மூழ்கிப் போனால் யாரும் கவலைப்படுவதில்லை. "எவ்வளவு பொறுப்பு பாருங்கள்" என்று பாராட்டுதான் கிடைக்கும். வெளியே தெரியாத இந்த அடிமைத்தனத்தைப் பற்றிய கேள்விகளும் பதில்களும் இவை.

நல்ல காரியத்துக்குப் போய் ஒருவர் அடிமையாக முடியுமா?

முடியும். "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 6:12). தடை செய்யப்பட்டதைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். உரிமையோடு அனுபவிக்கிற ஒன்றும் நம்மை ஆளத் தொடங்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இயேசு சொன்ன பெரிய விருந்தின் உவமை (லூக்கா 14) இதற்கு இன்னும் நெருக்கமானது. விருந்துக்கு வர மறுத்த மூவரில் ஒருவன் வயல் வாங்கியிருக்கிறான், அதைப் போய்ப் பார்க்க வேண்டும். இன்னொருவன் ஐந்து ஏர்மாடு வாங்கியிருக்கிறான், ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாமவன் புது மாப்பிள்ளை. மூன்று சாக்கிலும் பாவம் என்று விரல் நீட்ட எதுவும் இல்லை. நிலம், உழைப்பு, குடும்பம் மூன்றையும் வேதாகமம் ஆசீர்வாதம் என்றே சொல்கிறது. விருந்தைத் தவறவிட்டவர்கள் குடிகாரர்கள் அல்ல, கையில் நல்ல காரியம் வைத்திருந்தவர்கள். அதனால்தான் அவர்களுக்குக் குற்ற உணர்ச்சியே வரவில்லை. முதல் இருவரும் "என்னை மன்னிக்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்" என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. இதைத்தானே சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள்?

பாதி அதுதான். நீதிமொழிகள் 25:16-உம் தேனை மட்டாகச் சாப்பிடச் சொல்கிறது. ஆனால் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏமாறுவோம். கைக்குழந்தையோடு மாதக்கணக்கில் தூங்காத தாய் தன் நேரத்தையெல்லாம் ஒரே காரியத்துக்குக் கொடுக்கிறார். அவரை யாரும் அடிமை என்று சொல்ல மாட்டோம்.

அந்தப் பக்கம் இன்னொருவர். தினமும் ஒரு மணி நேரம்தான் நடக்கிறார், டாக்டரே பாராட்டுகிறார். ஒரு நாள் வேலை முடிந்து வரத் தாமதமாகிவிடுகிறது. இரவு பதினொன்றரைக்கு வரவேற்பறையில் சோபாவுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டிருக்கிறார், இரண்டு திருப்பத்துக்கு ஒரு முறை மணிக்கட்டைத் தூக்கிப் பார்க்கிறார், இன்னும் எண்ணூறு காலடி பாக்கி. மனைவி அன்று வாங்கி வந்த ஸ்கேன் ரிப்போர்ட் உறைகூடப் பிரிக்காமல் மேசைமேல் கிடக்கிறது. "ஐந்து நிமிஷம், இதோ முடிச்சிட்டு வந்துடறேன்" என்கிறார். மனைவி விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறார்.

ஒரு மணி நேரம் நடப்பது அதிகமே இல்லை. ஆனால் அந்த வீட்டில் அந்த இரவு யார் யாருக்குக் காத்திருந்தார்கள் என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். 4-5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆகஸ்டின் இதை அன்பின் வரிசை என்ற கோணத்தில் பார்த்தார். நேசிக்கத் தக்கதை நேசிப்பதில் பிழை இல்லை, முதலில் நிற்க வேண்டியதைப் பின்னால் தள்ளிவிட்டு நேசிப்பதில்தான் பிழை. எவ்வளவு என்ற கேள்வியைவிட எந்த இடத்தில் என்ற கேள்வி கறாரானது.

எனக்கு ஒன்றில் ஆர்வம் அதிகம். அது அடிமைத்தனமா, இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆர்வத்தையெல்லாம் சந்தேகப்படத் தேவையில்லை. ஒரு பாடகர் மணிக்கணக்கில் சாதகம் செய்வதும் ஒரு மாணவி பரீட்சைக்கு முன் உலகத்தை மறப்பதும் இயல்பானவை.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் வீடியோ கேம் அடிமைத்தனத்தை ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது. அது 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள்: கட்டுப்பாடு கைமீறிப் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கு முன்னுரிமை கூடிக்கொண்டே போவது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர்வது. ஊழியத்துக்கோ வாசிப்புக்கோ இப்படி ஒரு மருத்துவப் பட்டியல் கிடையாது. இருந்தாலும் இந்த மூன்றையும் கடன் வாங்கி நம்மைப் பார்த்துக்கொள்வதில் தப்பில்லை.

வேதாகமத்திலிருந்து இன்னொரு சோதனையும் உண்டு, எனக்கு அதுதான் கூர்மையாகத் தெரிகிறது. யாத்திராகமம் 16-இல் ஆறாம் நாள் இரண்டு மடங்கு மன்னா கிடைக்கிறது, மறுநாள் ஓய்வுநாள், வெளியே போக வேண்டாம் என்று சொல்லப்படுகிறது. அப்படியும் சிலர் ஏழாம் நாள் சேர்க்கப் போனார்கள். பசி அவர்களைத் துரத்தவில்லை, முந்தின நாள் எடுத்து வைத்தது கெடாமல் வீட்டில் இருந்தது. நிறுத்தத் தெரியாமல் போனார்கள். ஆகவே வாரத்தில் ஒரு நாள் அந்த நல்ல காரியத்தை நிறுத்திப் பாருங்கள். லேசான ஏக்கம் வந்தால் பரவாயில்லை. எரிச்சல், படபடப்பு, வீட்டிலுள்ளவர்கள் மேல் சீறுவது, யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் செய்துகொள்வது என்று போனால் யோசிக்க வேண்டும். முக்கியமாக அந்த ஒளித்துச் செய்வது. நல்ல காரியத்தை ஏன் ஒளிக்க வேண்டும்?

ஊழியத்துக்கு அடிமையாவது என்றால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கர்த்தருக்காகத்தானே செய்கிறோம்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, கோபத்தோடும் வருகிறது. கோபம் நியாயமானதுதான். எத்தனையோ பேர் சம்பளமும் பெயரும் இல்லாமல் உழைப்பதால்தான் சபைகள் நடக்கின்றன. அவர்களைக் குத்துவது நோக்கமல்ல.

ஆனாலும் சுவிசேஷங்களில் இயேசு யாரைக் கண்டிக்கிறார் என்று பாருங்கள். மார்த்தாள் அவருக்காகத்தான் வேலை செய்தாள், அவருக்கே பரிமாறிக்கொண்டிருந்தாள். "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்று அவர் சொன்னது வேலையைப் பார்த்து அல்ல, அந்த வேலை அவளுக்குள் செய்துகொண்டிருந்ததைப் பார்த்து. விருந்தாளியிடமே சகோதரியைப் பற்றிப் புகார் சொல்லும் அளவுக்கு அது போயிருந்தது. ஊழிய வெறியின் முதல் அடையாளம் பெரும்பாலும் இதுதான்: "நான் மட்டும்தான் செய்கிறேன், மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்."

மாற்கு 7-இல் வரும் கொர்பான் விஷயம் இன்னும் கடுமையானது. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் பெற்றோருக்குச் செய்யும் கடமையிலிருந்து ஒருவன் தப்பித்துக்கொள்ளலாம். இயேசு இதைப் பக்தி என்று ஏற்கவில்லை, தேவவசனத்தை அவமாக்குவது என்றார். நோயில் கிடக்கும் அப்பாவைப் பார்க்க நேரமில்லாதவர் ஜெபக்கூட்டங்களைத் தவறாமல் நடத்தினால், கொர்பான் வேறு உடையில் வந்திருக்கிறது என்றே சொல்வேன்.

அப்புறம், இயேசு என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். மாற்கு 1-இல் சாயங்காலம் பட்டணம் முழுவதும் வாசலில் கூடுகிறது. அநேகரைச் சுகமாக்குகிறார். விடியும் முன்னே எழுந்து தனியே ஜெபிக்கப் போய்விடுகிறார். பேதுரு தேடிக் கண்டுபிடித்து, உம்மை எல்லாரும் தேடுகிறார்கள் என்கிறார். ஊழியத்தில் இருக்கும் யாருக்கும் இதைவிட இனிப்பான வார்த்தை கிடையாது. இயேசுவோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். தன்னைத் தேடுகிற கூட்டத்துக்கு "இல்லை" சொல்ல அவரால் முடிந்தது.

நாம் அப்படி இருக்கிறோமா என்று பார்க்கச் சில கேள்விகள். உங்கள் பொறுப்பை வேறொருவர் ஏற்று உங்களைவிட நன்றாகச் செய்தால் மகிழ்ச்சி வருமா, வயிறு எரியுமா? பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்காமல் கடைசியாக எப்போது வேதம் வாசித்தீர்கள்? யாரும் கூப்பிடாத ஒரு ஞாயிறு உங்களுக்கு எப்படிப் போகும்? "என் சொந்தத் திராட்சத்தோட்டத்தையோ நான் காக்கவில்லை" என்ற உன்னதப்பாட்டு வரி (1:6) முழுநேர ஊழியர்களின் வீடுகளில் கொஞ்சம் சத்தமாகவே வாசிக்கப்பட வேண்டிய வரி.

வேலை விஷயத்திலும் இதே பதில்தானா? குடும்பத்துக்காகத்தானே ஓடுகிறோம்?

கடன் கழுத்தை நெரிக்கும்போது இரண்டு வேலை பார்ப்பவரிடம் இதைப் பேசக் கூடாது. அவருக்குத் தேவை பிரசங்கம் அல்ல, உதவி. இந்தப் பதில், நிறுத்த வசதி இருந்தும் நிறுத்த முடியாதவர்களுக்கு.

வேலைப்பித்தைக் குடிப்பழக்கத்தோடு ஒப்பிட்டு முதலில் எழுதியவர் ஒரு பாஸ்டர்தான். அமெரிக்க பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த வெய்ன் ஓட்ஸ், போதகர்களுக்கு ஆலோசனைக் கலை கற்பித்த பேராசிரியர், 1960களின் இறுதியில் தன்னைப் பற்றியே எழுதினார். அவருடைய சின்ன மகன் அப்பாவைப் பார்க்க வேண்டும், அதற்கு நேரம் ஒதுக்கித் தர முடியுமா என்று கேட்டானாம். அப்போதுதான் தன் நிலைமை அவருக்கு உறைத்தது.

"குடும்பத்துக்காக" என்பதைச் சரிபார்க்க எளிய வழி, குடும்பத்தையே கேட்பது. பெரும்பாலான வீடுகளில் பதில் ஏற்கெனவே தயாராக இருக்கும். சங்கீதம் 127:2, அதிகாலையில் எழுந்து வெகுநேரம் வரை உழைத்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது விருதா என்கிறது, தேவன் தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்றும் சொல்கிறது. தூக்கம் சோம்பேறித்தனம் அல்ல, ஈவு. நான் தூங்கும்போதும் உலகம் நடக்கிறது என்று ஒத்துக்கொள்வது சிலருக்குப் பெரிய விசுவாச அறிக்கை.

பிள்ளைகள்மேல் வைக்கும் பாசத்தையும் இதில் சேர்ப்பீர்களா?

சேர்க்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏலியின் கதை இருக்கிறதே. ஆசாரியனான அவன் பிள்ளைகள் காணிக்கையைக் கெடுத்தபோது கண்டித்தான், தடுக்கவில்லை. கர்த்தர் அவனிடம் வைத்த குற்றச்சாட்டு, என்னைவிட உன் குமாரரை மதிப்பானேன் என்பது (1 சாமுவேல் 2:29).

இதில் பெற்றோரைவிடப் பிள்ளைதான் அதிகம் பாதிக்கப்படுகிறது. அம்மாவின் முழு சந்தோஷமும் தன் மதிப்பெண்ணில் தொங்குகிறது என்று தெரிந்த பிள்ளை, தோற்கவே உரிமை இல்லாத பிள்ளை. ஒரு மனிதரின் தெய்வமாக இருக்கும் பாரத்தைப் பெரியவர்களாலேயே சுமக்க முடியாது.

எந்நேரமும் பிரசங்கமும் பாட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவுமா?

யாக்கோபு 1:22-ஐப் பாருங்கள்: கேட்கிறவர்களாய் மாத்திரம் இருந்தால் நம்மையே வஞ்சிக்கிறோம். நேற்றுக் கேட்ட செய்தியில் ஒரு வரியாவது நினைவில் இருக்கிறதா? இல்லையென்றால் அமைதியைச் சந்திக்கப் பயந்து காதை நிரப்பிக்கொண்டிருக்கிறீர்களோ என்னவோ.

ஜெபம், உபவாசம் போன்றவற்றில்கூட மிகையாக முடியுமா?

5ஆம் நூற்றாண்டில் எழுதிய ஜான் காசியன், எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் தான் கேட்ட ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஹீரோன் என்ற முதியவர் ஐம்பது ஆண்டுகள் தனிமையிலும் உபவாசத்திலும் கழித்தவர். உயிர்த்தெழுதல் திருநாளில் சகோதரர்கள் எல்லாரும் கூடிச் சாப்பிடும்போதுகூட அவர் வருவதில்லை. கொஞ்சம் பருப்பு சாப்பிட்டாலும் தன் வைராக்கியம் தளர்ந்ததுபோல் ஆகிவிடும் என்ற எண்ணம். மூத்தவர்கள் சொன்னதையும் கேட்கவில்லை. அவர் முடிவு பரிதாபமாக அமைந்தது. அந்தத் துறவிகள் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, உபவாசம் கெட்டது என்பதல்ல. மிதமிஞ்சிய உபவாசமும் பெருந்தீனியும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் முடியும் என்பது. கர்த்தர் உயிர்த்த நாளில் சகோதரரோடு உட்கார்ந்து சாப்பிட முடியாத உபவாசம் யாருக்காக?

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். சிலருக்கு, ஜெபத்தில் ஒரு வார்த்தை தவறினால் முதலிலிருந்து சொல்ல வேண்டும், ஒரே பாவத்தைப் பத்து முறை அறிக்கையிட்டாலும் மன்னிப்புக் கிடைத்ததோ இல்லையோ என்ற பயம் தீராது. இளம் துறவியாக இருந்தபோது மார்ட்டின் லூத்தரும் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து தன் மேலாளர் ஸ்டாவ்பிட்ஸைக் களைப்படைய வைத்தவர். இப்படிப்பட்ட பயம் சில சமயம் எண்ணச் சுழற்சி நோயாக (OCD) இருக்கலாம். அது பாவமும் அல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. சிகிச்சை இருக்கிறது, மனநல மருத்துவரைப் பாருங்கள். "இன்னும் அதிகமாய் ஜெபியுங்கள்" என்ற ஆலோசனை இவர்களுக்கு நெருப்பில் எண்ணெய்.

விக்கிரகம் என்று சொல்வதெல்லாம் ரொம்ப அதிகமில்லையா?

எண்ணாகமம் 21-இல் பாம்புக்கடியால் செத்துக்கொண்டிருந்த ஜனங்களுக்காக மோசே வெண்கலச் சர்ப்பம் செய்தார். தேவன் சொல்லித்தான் செய்தார். அதைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து எசேக்கியா ராஜா அதே சர்ப்பத்தை உடைத்துப் போடுகிறான், ஏனென்றால் ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள் (2 இராஜாக்கள் 18:4). தேவன் கொடுத்தது, உயிர் காப்பாற்றியது, பிற்பாடு சிலுவைக்கு அடையாளமாக இயேசுவே எடுத்துச் சொன்னது. அதுவே விக்கிரகமாயிற்று. அந்த உலோகம் மாறவில்லை, ஜனங்கள் அதனிடம் எதிர்பார்த்தது மாறியது.

உன் இருதயம் எதைப் பற்றிக்கொண்டு நம்பியிருக்கிறதோ அதுதான் உன் தேவன் என்று லூத்தர் 1529-இல் எழுதினார். அந்த அளவுகோலில் வார்த்தை அதிகமில்லை.

சரி, அப்படியானால் உடைத்துப் போட வேண்டியதுதானா? அடியோடு விட்டுவிடலாமா?

சிலவற்றை விடலாம். ஒரு விளையாட்டையோ, ஒரு பதவியையோ, கைபேசியிலுள்ள ஒரு செயலியையோ விட்டால் உலகம் கவிழ்ந்துவிடாது. ஆனால் சாப்பாட்டை, வேலையை, பிள்ளைகளை, ஜெபத்தை விட முடியாது. குடியிலிருந்து மீள்பவர் பாட்டிலைத் தொடாமலே வாழலாம். இவர்களோ தினமும் அதே காரியத்தைத் தொட்டுக்கொண்டே அடிமையாகாமல் இருக்கப் பழக வேண்டும். அந்த விதத்தில் இது கடினமானது.

ஆகஸ்டின் ஆலயப் பாட்டைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டார். பாடப்படும் வசனத்தைவிட ராகமே தன்னை அதிகம் அசைத்தால் அது தனக்குப் பாவம் என்று ஒப்புக்கொள்கிறார். சில சமயம் ராகமே வேண்டாம் என்று தோன்றியிருக்கிறது. பிறகு, விசுவாசத்துக்கு வந்த புதிதில் அதே பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்டதை நினைத்துப் பார்க்கிறார். கடைசியில் சபையில் பாட்டு இருக்கட்டும் என்ற பக்கமே சாய்கிறார், ஆபத்தையும் மறைக்காமல். எனக்கு இந்தத் தடுமாற்றம் பிடிக்கும். "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்ற கட்டளைகள் ஞானம்போலத் தோன்றும், ஆசையை அடக்க உதவாது என்று கொலோசெயர் 2 சொல்வதோடும் இது பொருந்துகிறது.

நடைமுறையில், குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தி வைப்பது பலருக்கு உதவுகிறது. நிறுத்திய இடத்தை வெறுமையாக விடக் கூடாது. மத்தேயு 12-இல், பெருக்கி ஜோடித்து வெறுமையாய்க் கிடந்த வீட்டுக்குத்தான் பழைய ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்தது. வேலைப்பித்தை விட்டவர் ஆறே மாதத்தில் உடற்பயிற்சிப் பித்தராவது இப்படித்தான். அந்த நேரத்துக்கு ஒரு ஆளைக் கொண்டு வாருங்கள்: மனைவி, நண்பர், அம்மா. நிறுத்தியதைத் திரும்பக் கையில் எடுக்கும்போது ஸ்தோத்திரத்தோடு எடுங்கள் (1 தீமோத்தேயு 4:4). எனக்கு வர வேண்டியது என்று பறிப்பதும், கொடுக்கப்பட்டது என்று வாங்குவதும் கைக்கே வித்தியாசம் தெரியும்.

ஜெபித்தால் போதாதா? ஆலோசகர், குழு எல்லாம் அவசியமா?

குற்றங்களை "ஒருவருக்கொருவர்" அறிக்கையிடச் சொல்வது யாக்கோபு 5:16. தேவனிடம் சொல்லிவிட்டேன், மனிதரிடம் எதற்கு என்று கேட்பவருக்கு அந்த வசனம் இடம் தரவில்லை. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் குழு, தன் பன்னிரண்டு படிகளில் இன்னொரு மனிதரிடம் தவறுகளை ஒப்புக்கொள்வதை ஒரு படியாகவே வைத்தது. அதன் வேர் ஒரு கிறிஸ்தவ எழுப்புதல் இயக்கத்தில் இருந்தது.

உங்களைப் பாராட்டுபவர்களிடம் சொல்லாதீர்கள், அவர்கள் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்பார்கள். உங்களிடம் வேண்டாம் என்று சொல்லத் தைரியமுள்ள ஒருவரைத் தேடுங்கள். உணவைக் குறைத்துக் குறைத்து உடல் மெலிவது, காயத்தோடும் உடற்பயிற்சியை விட முடியாதது, தூக்கமே போவது, வாழப் பிடிக்காமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

என் கணவர் சபை வேலையில் மூழ்கிவிட்டார். சொன்னால் "ஊழியத்துக்குத் தடையாக இருக்காதே" என்கிறார். எப்படிப் பேசுவது?

வசனத்தை எடுத்து அடிக்காதீர்கள், அவருக்கு உங்களைவிட அதிக வசனம் தெரிந்திருக்கும். "நீங்கள் அடிமை" என்றும் தொடங்க வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: போன மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள், நான் யாரைக் கூப்பிட்டேன். கூட்டத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அல்ல, கூட்டம் இல்லாத ஒரு நாளில். கேட்பதும் சின்னதாக இருக்கட்டும். வாரத்தில் ஒரு மாலை, போன் இல்லாமல். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், அவர் மதிக்கும் ஒரு மூத்த போதகரிடமோ விசுவாசியிடமோ நீங்கள் பேசுவது துரோகம் ஆகாது. மத்தேயு 18:16-உம் ஓரிருவரை உடன் அழைத்துப் போகத்தான் சொல்கிறது. அதுவரை அவருக்காகப் பிள்ளைகளிடமும் உறவினர்களிடமும் சாக்குச் சொல்வதை நிறுத்துங்கள். "அப்பா ஏன் வரவில்லை" என்று பிள்ளை கேட்டால், அதை அப்பாவிடமே கேட்கச் சொல்லுங்கள்.